ஆறாவது பத்தி

அப்ஸானா அந்தச் செய்தியைக் கடையில் வைத்தே சொல்லிவிட்டாள். வீட்டில் என்றால் உம்மா, தங்கை, வாப்பா என்று மூன்று முகங்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கடையில் வாப்பா மட்டும்தான். அவரும் பாதி நேரம் வாடிக்கையாளரைத்தான் பார்ப்பார்.

அந்த வளைகுடா நகரத்தின் சத்வா பகுதியில், தையல்காரர்கள் நிறைந்த தெருவில் பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி விற்கிற கடை அது. கீழக்கரையிலிருந்து வந்த அவள் வாப்பா செய்கு அலாவுதீன் இருபத்தேழு வருடமாக அந்த ஒரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார்.

"வாப்பா, நான் அந்தப் பெரிய ஆபீஸ்ல சேரலை. கராமால ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் இருக்கு. அங்க போகலாம்னு நினைக்கிறேன். நாளைக்கு இன்டர்வியூ."

அவர் லேஸ் அட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எந்தப் பெரிய ஆபீஸு? அந்த நாப்பத்தோராவது மாடியா?"

"ம்."

"இந்த ஆபீஸு எத்தனாவது மாடி?"

"ரெண்டு."

"லிஃப்ட்டு?"

"இருக்கு வாப்பா. வேலை செய்யாது."

அவர் சிரிக்கவில்லை. அவள் சட்டம் படித்து முடித்துவிட்டாள், பரீட்சையும் எழுதியாகிவிட்டது. இனி ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருடம் பயிற்சி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் முழு வக்கீல். அந்த ஒப்பந்தத்துக்காகப் பெரிய அலுவலகங்களின் வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். போன கோடை விடுமுறையில் ஒரு மாதம் அந்த உயரமான கட்டடத்தில் அவளை வைத்துப் பார்த்துவிட்டு, அவர்களாகவே கடிதம் அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தின் நகல் ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில், கடையின் லைசென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது.

"காரணம் என்னம்மா?"

"பெரிய ஆபீஸ்ல கம்பெனிகளுக்காக வேலை பார்ப்பாங்க. சின்ன ஆபீஸ்ல மனுஷங்களுக்காகப் பார்ப்பாங்க வாப்பா."

அந்த வாக்கியத்தை அவள் பஸ்ஸில் வரும்போதே தயார் செய்திருந்தாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியதை மறைக்கத்தான் துடைக்கிறார் என்று தெரிந்தபோது அவளுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே அந்த வாக்கியம் அவள் கையைவிட்டுப் போயிற்று. வாப்பா அதைத் தம்மாமில் இருக்கும் ரிபாய் மாமாவிடம் போனில் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. "நாப்பத்தோராவது மாடிய வேணாம்னு சொல்லிட்டா மச்சான். லேபர் கேம்ப்புல கெடக்குற நம்ம ஆளுங்களுக்குப் பேசப் போறேங்குறா. யாருக்கு இந்த மனசு வரும், சொல்லுங்க?"

"லாத்தா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் தங்கை ஆமிரா. "அந்த ஆபீஸ்ல இலவசமா சூஷி குடுப்பாங்கன்னு சொன்னியே."

"சும்மா கெட. ஒங்க லாத்தாவுக்கு ரஹ்மத்தான மனசு" என்று உம்மா ஷம்சியா அவள் தலையில் தட்டினாள். அப்ஸானாவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அப்ஸானா அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். தனக்கு உரிமையில்லாத இடத்தில் உட்கார வைத்து உபசரிப்பது போலிருந்தது.

அவள் அந்தப் பெரிய அலுவலகத்துக்கு ஏன் போக முடியாது என்பது ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம், விடுமுறைப் பயிற்சியின் மூன்றாவது வாரம். அதுவரை அவள் செய்ததெல்லாம் பக்கங்களுக்கு எண் போட்டதும், கோப்புகளை வரிசைப்படுத்தியதும்தான். அன்று அமர்த்தியிருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. மூத்த வக்கீல் நாதின், லெபனான்காரி, அவளுடைய மேசைக்கு வந்து, "உன் விண்ணப்பத்தில் 'தமிழ், சரளம்' என்று போட்டிருந்தாயே?" என்று கேட்டாள். அப்ஸானா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது. அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக யாருக்கோ அவள் தேவைப்பட்டாள்.

கூட்ட அறையில் வைரவன் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சாரம் கட்டுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து வலது காலில் தகடு வைத்திருந்தார்கள். நாதின் அந்தக் கம்பெனியின் வக்கீல். வைரவன் ஊருக்குப் போகுமுன் கையெழுத்திட வேண்டிய பத்திரம் ஒன்று இருந்தது. எட்டுப் பத்திகள், எல்லாம் ஆங்கிலத்தில். உயரத்திலேயே வேலை பார்த்த அந்த மனிதர் கண்ணாடிச் சுவரின் பக்கம் திரும்பவே இல்லை. அப்ஸானா "வாங்கண்ணே" என்றதும்தான் தோளைத் தளர்த்தினார்.

"தமிழாத்தா நீ? அப்பாடா. ரெண்டு மாசமா பாய், ஜல்தின்னே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

அவள் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் படித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரித்தா" என்றார். நடுவில் அவராகவே சொன்னார்: "பதினோரு பேருக்கு நாலு பெல்ட்டுத்தா. அன்னைக்கு எம்மொறைக்கு பெல்ட்டு வரலை. கேட்டேன். ஏறுன்னுட்டான்." அதை அவள் ஆங்கிலத்தில் "பாதுகாப்புச் சாமான்கள் போதவில்லை என்கிறார்" என்று சுருக்கினாள். நாதின் குறித்துக்கொண்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்தது" என்றாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு இன்னொரு கூட்டம் இருந்தது.

ஆறாவது பத்தி இரண்டே வரி. மேற்பார்வையாளர் சொல்லியும் கேளாமல், அணிந்திருந்த பெல்ட்டை நானே கழற்றி வைத்திருந்தேன். விபத்துக்கு நானே பொறுப்பு.

அப்ஸானா அதன் மேல் கண்ணை ஓட்டினாள். மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு ஏழாவது பத்தியைப் படித்தாள். அது விமான டிக்கெட்டைப் பற்றியது.

அவர் தமிழில், எழுத்து எழுத்தாகக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே, 'இப்பத்திரம் முழுவதையும் இவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்' என்ற வரிக்கு நேராக, அவள் கையெழுத்திட்டாள்.

"ஒன்னைய மாதிரி நம்ம பிள்ளை இருந்ததால தப்பிச்சேன்த்தா" என்றார் அவர் எழுந்திருக்கும்போது. "இல்லாட்டி எதுல கையெழுத்துப் போட்டேன்னே தெரியாமப் போயிருப்பேன்."

அதற்குப் பிறகு பத்து மாதமாக அவள் தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் தமிழ் தெரியாது. நான் பிறந்தது இங்கே. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் அரபியும்தான். என்னுடையது சாப்பாட்டு மேசைத் தமிழ், உம்மாவிடம் கோபித்துக்கொள்கிற தமிழ். சட்டத் தமிழுக்கு வார்த்தை வரவில்லை. தெரியாததைத் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியது என் பெருமை. அது தப்புதான், ஆனால் பாவமில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வந்தது. நாற்பத்தோராவது மாடிக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் மட்டும் வரவில்லை. அப்போதுதான் கராமாவில் இருக்கும் சம்யுக்தாவின் அலுவலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாள். தொழிலாளர்களின் வழக்குகளையே அதிகம் பார்க்கிறவர்கள். இரண்டு வருடம் அங்கே இருந்து நூறு வைரவன்களுக்காக உழைத்தால் ஒரு வைரவன் கழிந்துவிடுவார் என்று நினைத்தாள். அதைத்தான் வாப்பா நல்ல மனசு என்று தம்மாம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்யுக்தாவின் அலுவலகம் ஒரு கஃபெட்டேரியாவுக்கு மேலே இருந்தது. மூன்று அறைகள், எல்லாவற்றிலும் கரக் டீயின் வாசம். சம்யுக்தா கோயம்புத்தூர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள். அவள் பேசுகிறபோது போனில் ஒரு கண் இருந்தது.

"ஏன் சின்ன ஆபீஸ்?"

அப்ஸானா வாக்கியத்தைச் சொன்னாள். பெரிய அலுவலகம் கூப்பிட்டிருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள்.

"எல்லாரும் இதையேதானுங்க சொல்றாங்க" என்றாள் சம்யுக்தா. "பெரிய எடம் கிடைக்காதவங்க சொன்னா எனக்குப் புரியும். கிடைச்ச புள்ள வந்து சொன்னா, எங்கியோ இடிக்குது. சரி, அது உன் பாடு. ஜெயமணி! வாங்க, பொண்ணு வந்திருக்கு."

அடுத்த அறையிலிருந்து ஜெயமணி வந்தார். அரசாங்க அலுவலகங்களுக்கு அலைந்து காகிதம் முடிக்கிறவர். அதற்கு முன்பு பதினாறு வருடம் கேம்ப்பில் இருந்தவர், திருநெல்வேலிக்காரர். அந்த அலுவலகத்தின் வழக்கம் ஒன்று உண்டு. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சட்டக் கேள்வி கேட்பதில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து ஜெயமணிக்கு எதிரே உட்கார்த்தி வைப்பார்கள். அவர் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியாக உட்காருவார். அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். புரிந்ததை அவர் திருப்பிச் சொல்வார். அதில் ஒரு வரி குறைந்தாலும் தோல்வி.

"மெதுவாச் சொல்லும்மா. நான் மரமண்டை" என்று ஜெயமணி நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்தார். "போன மாசம் ஒரு தம்பி வந்தான். அரை மணி நேரம் பேசுனான். கடைசில நான்தான் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்."

காகிதம் ஏதோ ஒரு கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதம். மூன்று பத்திகள். அப்ஸானா முதல் இரண்டு பத்திகளைச் சொல்லி முடித்து மூன்றாவதுக்கு வந்தாள். "அண்ணே, சூப்பர்வைசர் ரெண்டு தடவை சொல்லியும் நீங்க ஹெல்மெட்டைக் கழட்டி வச்சிட்டு வேலை பார்த்தீங்கன்னு எழுதியிருக்காங்க. அதனால ஏதாவது ஆச்சுன்னா நீங்களே பொறுப்புன்னு போட்டிருக்காங்க."

"யாரு கழட்டுனா? நான் போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்!" ஜெயமணி மேசையைத் தட்டினார். வேஷம்தான். ஆனால் குரலில் வேஷமில்லை.

"அப்படின்னா இதுல கையெழுத்துப் போடாதீங்கண்ணே."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஜெயமணி கால்களை இறக்கி ஒழுங்காக உட்கார்ந்து, மூன்று பத்தியையும் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். சம்யுக்தாவைப் பார்த்து, "எனக்கு வெளங்கிட்டு மேடம். இந்தப் பிள்ளை போதும்" என்றார்.

அப்ஸானா காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள். அந்த இரண்டு வாக்கியங்களில் அவளுக்குத் தெரியாத வார்த்தை எது? கழட்டி. சூப்பர்வைசர். பொறுப்பு. ஆறு வயதில் தெரிந்த வார்த்தைகள். அன்றைக்கும் தெரிந்திருந்தன. படித்தால் வைரவன் என்ன சொல்வார் என்பதும் தெரிந்திருந்தது. இப்போது ஜெயமணி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார். பேனாவைக் கீழே வைத்திருப்பார். நாதினின் பன்னிரண்டு மணிக் கூட்டம் தள்ளிப்போயிருக்கும். தமிழ் பேசக் கூப்பிட்ட பெண்ணால் காரியம் கெட்டது என்று ஆகியிருக்கும். கண்ணை ஓட்டிய அந்த ஒரு மூச்சில் அவள் இவ்வளவையும் கணக்குப் போட்டிருந்தாள். தமிழ் வரவில்லை என்பது பிறகு செய்துகொண்ட கதை.

"செப்டம்பர் ஒண்ணாம் தேதி வந்துடு" என்று சம்யுக்தா ஒரு படிவத்தை நீட்டினாள். "இதை மட்டும் நெரப்பி வியாழக்கிழமைக்குள்ள அனுப்பீரு. நன்னடத்தைப் படிவம். எல்லாத்துக்கும் 'இல்லை' தான் வரும். சும்மா டிக் அடிச்சுட்டே போ."

படிக்கட்டில் நின்று அதைப் படித்தாள். குற்ற வழக்கு உண்டா? இல்லை. பரீட்சையில் ஏமாற்றியதுண்டா? இல்லை. நான்காவது கேள்வி: தொழில் சம்பந்தமாக உண்மைக்கு மாறான எந்த ஆவணத்திலாவது கையெழுத்திட்டதுண்டா?

இரண்டு நாள் அந்தப் படிவம் அவள் பையிலேயே கிடந்தது. 'இல்லை' என்று எழுதினால் சின்ன அலுவலகத்துக்குள் நுழைகிற முதல் காகிதமே பொய்யாகிவிடும். 'ஆம்' என்று எழுதினால் என்னவென்று கேட்பார்கள். அவளால் சொல்ல முடியாது. அது வேறொரு அலுவலகத்தின் கட்சிக்காரர் விஷயம். சம்யுக்தாவிடமோ வைரவனிடமோ வாயைத் திறந்தால் அது இன்னொரு தப்பு. இதைச் சொல்லக்கூடிய கதவு ஒன்றுதான் இருந்தது. அதைத் தட்டாமல் இருப்பதற்காகத்தான் இரண்டு வருடம் நல்லவளாக வாழத் திட்டம் போட்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் நாற்பத்தோராவது மாடிக்குப் போனாள். நாதின் அவளைப் பார்த்ததும், "வந்துவிட்டாயா! நேரிலேயே சம்மதம் சொல்ல வந்தாயா?" என்று எழுந்து கையைக் குலுக்கினாள்.

"இல்லை. வைரவனுக்கு நான் ஆறாவது பத்தியைப் படித்துக் காட்டவில்லை."

நாதினுக்கு முதலில் பெயர் நினைவுக்கு வரவில்லை. வந்ததும் உட்கார்ந்தாள்.

"மறந்துவிட்டாயா?"

மறதி என்று சொல்ல ஒரு வழி திறந்திருந்தது. நாதின் அதைக் கருணையோடுதான் திறந்து வைத்தாள் என்று அப்ஸானாவுக்குப் புரிந்தது.

"இல்லை. பார்த்தேன். படித்தால் அவர் கையெழுத்திட மாட்டார் என்று தெரியும். தாண்டிப் போனேன்."

"நான் உன்னை அவசரப்படுத்தினேனா?"

"கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். செய்தது நான்."

நாதின் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். பிறகு பேசியபோது குரலில் நட்பு இல்லை, கோபமும் இல்லை. இதை நாதினே அலுவலகத்தில் மேலே தெரிவிக்க வேண்டும். கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். வேறொருவரை வைத்து அந்தப் பத்திரத்தை வைரவனுக்கு முழுவதும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். "உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நான் உண்மையைத்தான் எழுதுவேன். தெரியும்தானே?" என்றாள்.

"தெரியும்."

"பத்து மாதம் சும்மா இருந்துவிட்டு, ஏன் இப்போது?"

"ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது" என்றாள் அப்ஸானா.

கீழே இறங்கியதும் சம்யுக்தாவுக்குப் போன் செய்தாள். பெயர் எதுவும் சொல்லாமல், நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று மட்டும் சொன்னாள்.

எதிர்முனையில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் கேட்டது. "அதுதான் இடிச்சுதா" என்றாள் சம்யுக்தா. "அங்க சொல்லியாச்சா?"

"இப்பத்தான் மேடம்."

"சரி. இப்பொ உன்னைய எடுக்க முடியாதுங்கோ. அந்த ஆபீஸ் என்ன எழுதுதுன்னு பார்க்கோணும். அடுத்த வருஷம் வேணும்னா கேட்டுப் பாரு. வாக்குக் குடுக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜெயமணி வருத்தப்படுவாரு. அவரு யாரையும் சீக்கிரம் பாஸ் போட மாட்டாரு."

வாப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "கராமாவுல எப்பம்மா சேரணும்?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ரெண்டு ஆபீஸும் இல்லை என்றாள். பெயர்களை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "காலு ஒடைஞ்ச மனுஷனையா?" என்று மட்டும் கேட்டார். மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தக் கடிதத்தை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தம்மாமிலிருந்து ரிபாய் மாமா இரண்டு முறை கூப்பிட்டார். வாப்பா எடுக்கவில்லை.

நாதினின் மின்னஞ்சல் அடுத்த வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வைரவனைப் போனில் அழைத்து, அனந்தகிருஷ்ணன் என்ற மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டுவார். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் கூப்பிடுவோம், போன் பக்கத்தில் இருக்கட்டும்.

வேலை எதுவும் இல்லாததால் அவள் கடையில் நின்றாள். ஒரு பாகிஸ்தானித் தையல்காரர் பன்னிரண்டு மீட்டர் லைனிங் கேட்டிருந்தார். ஐந்தாவது மீட்டரில் போன் அடித்தது. அவள் துணியை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு, பட்டன் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்குப் போனாள்.

"மிஸ் அப்ஸானா?" என்றார் அனந்தகிருஷ்ணன். களைத்த குரல். "ஆறாவது பத்தியைப் படிச்சேன். அவர் நம்ப மாட்டேங்கிறார். இது அதுல இல்லவே இல்லை, நீங்கதான் புதுசா சேர்த்திருக்கீங்கன்னு சண்டை போடுறார். அன்னைக்குப் படிச்ச பிள்ளை ஒரு வரி விடாம படிச்சுச்சு, அதைக் கூப்பிடுங்கன்னு ஒரே பிடிவாதம். மேடம் லைன்லதான் இருக்காங்க. நீங்க பேசலாம்னு சொல்லிட்டாங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆத்தாவா?" வைரவனின் குரல் சத்தமாக வந்தது. போனில் பேசும்போது தூரத்தைக் குரலால் கடக்கிறவர் அவர். "நல்லாருக்கியாத்தா? யாரோ ஒரு சாரு என்னமோ சொல்றாருத்தா. நானே பெல்ட்டைக் கழட்டுனேன்னு எழுதியிருக்காம். நாந்தான் சொன்னேன், அந்தப் பிள்ளை படிச்சப்ப அப்புடியெல்லாம் இல்லைன்னு. நீ சொல்லுத்தா இவருக்கு."

"அண்ணே." அப்ஸானா ஒரு பட்டன் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தாள். "அது இருந்துச்சுண்ணே. அன்னைக்கே இருந்துச்சு. நான்தான் படிக்கலை."

"என்னாத்தா?"

"ஆறாவதா இருந்துச்சு. நான் அதை விட்டுட்டு ஏழாவதுக்குப் போயிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"ஏன்த்தா?"

இந்தக் கேள்விக்கு அவள் பத்து மாதத்தில் எத்தனையோ பதில்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது அவற்றில் ஒன்றுகூட அவரிடம் சொல்லத்தக்கதாக இல்லை.

"படிச்சா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு தெரியும்ணே. அதான்."

அவள் காத்திருந்தாள். ஒரு வசவு வந்தால்கூடப் போதும் என்றிருந்தது. வரவில்லை. பிறகு அவர் பேசினார், ஆனால் அவளிடம் அல்ல.

"சாரே, நீங்க படிங்க. மொதப் பத்தியிலருந்து படிங்க."